மறுப்பவருக்காக எழுதுவது

மரண தண்டனை தேவையா என்று பதினைந்து, பதினாறு வயது மாணவர்களை எழுதச் சொன்னால், வந்து சேரும் தாள்களில் பெரும்பாலானவை கைதட்டக் காத்திருக்கும் ஒரு கூட்டத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவையாகத்தான் இருக்கும். 'இன்றைய நவீன உலகில்' என்று ஒரு தொடக்கம். நடுவில் மூன்று காரணங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு 'மேலும்' அல்லது 'அதுமட்டுமல்லாமல்'. கடைசிக்கு முந்தைய பத்தியில், 'சிலர் இதை எதிர்க்கிறார்கள். ஆனால் அது தவறான கருத்தாகும்' என்று ஒரே ஒரு வரி. பிறகு, 'எனவே நாம் அனைவரும் ஒன்றிணைந்து' என்று முடிவுரை. எழுத்துப் பிழை இருக்காது. கையெழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கும். ஆனால் எதிர்க்கருத்து கொண்ட ஒருவர் அதைப் படித்துவிட்டு ஒரு நொடியாவது யோசிப்பாரா என்றால், மாட்டார்.

உயர்நிலை வகுப்புகளில் கட்டுரை சொல்லிக்கொடுக்கும் எனக்கு அந்த ஒற்றை வரியின் மீதுதான் கண். யார் அந்தச் 'சிலர்'? எதற்காக எதிர்க்கிறார்கள்? அவர்களில் மாணவருக்குத் தெரிந்த யாராவது உண்டா? விவாதக் கட்டுரை கற்பிப்பது என்பது பெரும்பாலும் அந்த வரியை ஒரு முழுப் பக்கமாக வளர்க்கக் கற்பிப்பதுதான் என்பது என் கட்சி. முன்னுரையின் அலங்காரம், இணைப்புச் சொற்கள், முடிவுரையின் முழக்கம் இவையெல்லாம் பின்னால் வரும். வராவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

கோளாறு பாதி நம் கேள்வியிலேயே இருக்கிறது. 'படிப்பவர் நம்பும்படி எழுதுக' என்று கேட்கிறோம். மாணவர் அதைத் தன் பக்கத்து நியாயங்களை மட்டும் அடுக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார். மைக்கேல் நஸ்பாம், கரோல்ஆன் கார்டாஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. படிப்பவரை இணங்க வைக்கும்படி எழுதச் சொன்னபோது கல்லூரி மாணவர்கள் எதிர்வாதங்களைக் குறைவாகவே எழுதினார்கள். எதிர்வாதத்தையும் அதற்கான பதிலையும் சேர்த்து எழுதும்படி வெளிப்படையாகக் கேட்டபோது எழுதினார்கள். அதாவது திறமை இல்லாமல் இல்லை. கேட்கப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நான் கேள்வியின் கீழே ஒரு நிபந்தனை சேர்ப்பது வழக்கம். 'உங்களோடு உடன்படாத, ஆனால் நேர்மையான ஒருவர் இதைப் படிக்கப் போகிறார். அவர் யார் என்பதைத் தாளின் தலைப்பில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.' மரண தண்டனையை எதிர்த்து எழுதும் ஒரு மாணவர் 'மகளைக் கொலைக்குப் பறிகொடுத்த ஒரு தாய்' என்று எழுதிக்கொண்டால், அதற்குப் பிறகு அவரால் 'பழிவாங்கத் துடிக்கும் காட்டுமிராண்டித்தனம்' என்று எழுத முடிவதில்லை. கை அங்கே நிற்கிறது. ஆதரித்து எழுதும் மாணவி 'நிரபராதி என்று தெரியவந்து பல ஆண்டுகள் கழித்து விடுதலையான ஒருவர்' என்று எழுதிக்கொண்டால், 'குற்றவாளிக்கு என்ன மனித உரிமை?' என்ற கேள்வியை அவரே அடித்துவிடுகிறார். நான் சிவப்பு மையில் வட்டம் போட்டு 'நிதானம் தேவை' என்று எழுதினால் இந்தத் திருத்தம் நடக்காது.

இது வெளியிலிருந்து வந்த புது யோசனை என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், நூல் எழுதுபவர் பிறர் கொள்கைகளை எதிர்கொள்ளும் முறைகள் ஏழு என்று ஒரு சூத்திரம் வருகிறது. பிறர் சொன்னதற்கு உடன்படலாம். மறுக்கலாம். முதலில் உடன்பட்டுப் பிறகு நீக்கலாம். தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்தலாம். இருவர் முரண்படுகிற இடத்தில் ஒருவர் பக்கம் துணியலாம். பிறர் நூலில் உள்ள குற்றத்தைக் காட்டலாம். யாரோடும் சேராமல் தன் கொள்கையையே கொள்ளலாம். இலக்கணப் பாடத்தில் ஒப்பிப்பதற்காக மட்டும் இதைப் படித்துவிட்டு, அடுத்த மணியில் கட்டுரை வகுப்புக்கு வந்து இரண்டாவது முறையை மட்டும் வைத்துக்கொண்டு போராடுகிறோம் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கும். நம் மாணவர்களின் தாள்களில் மறுத்தல் இருக்கிறது, குற்றம் காட்டல் தாராளமாக இருக்கிறது. மூன்றாவதாகச் சொன்ன 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு' (மதம் என்றால் இங்கே கொள்கை) மட்டும் காணக் கிடைப்பதில்லை. மேற்கொள்ளாமல் களைய முடியாது என்பதால்தான் அந்த வரிசை அப்படி அமைந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த மூன்றாவது முறையை வகுப்பறையில் நடத்த எனக்குத் தெரிந்த சிறந்த வழி, கையெழுத்து வாங்குவது. கணித அறிஞரும் உளவியலாளருமான அனடோல் ராபபோர்ட் 1960இல் எழுதிய நூலில் சர்ச்சைகளுக்கு ஒரு நெறி சொன்னார். எதிர்த்தரப்பின் நிலைப்பாட்டை, எதிர்த்தரப்பே 'ஆமாம், நான் சொல்வது இதுதான்' என்று ஏற்கும்படி எடுத்துச் சொன்ன பிறகுதான் நீ மறுக்கத் தொடங்கலாம் என்பது அதன் சாரம். வகுப்பில் இதை அப்படியே செய்யலாம். எதிரெதிர்த் தரப்பில் இருக்கும் இருவரை ஜோடியாக உட்கார வைத்து, மற்றவரின் வாதத்தை ஒரு பத்தியில் எழுதச் சொல்வேன். எதிரில் இருப்பவர் படித்துவிட்டு, 'என் வாதம் இதுதான்' என்று ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாமல் மறுப்புப் பத்திக்குப் போகக் கூடாது.

ஒரு ஜோடியிடம் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். தலைப்பு, பள்ளியில் செல்பேசியைத் தடை செய்யலாமா என்பது. சின்ன விஷயம் போலத் தெரியும்; ஆனால் பிரான்சில் 2018இல் இதற்குச் சட்டமே வந்தது, 2023இல் யுனெஸ்கோவின் உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை இதைப் பேசியது, வீட்டுக்கு வீடு சண்டையும் நடக்கிறது. தடையை ஆதரித்த மாணவி எதிர்த்தரப்பை இப்படி எழுதினார்: 'செல்பேசி இல்லாமல் ஒரு நிமிடம்கூட இருக்க முடியாதவர்கள் தடையை எதிர்க்கிறார்கள்.' எதிரில் இருந்த மாணவர் தாளைத் திருப்பித் தள்ளினார். "இதை நான் சொல்லவே இல்லை. இது நீ என்னைப் பற்றிச் சொல்வது" என்றார். சரியான பதில். எதிர்வாதத்துக்கும் எதிராளியைப் பற்றிய வசைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தாலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டாவது முறை: 'அவசரத்துக்குப் பெற்றோரைத் தொடர்புகொள்ளச் செல்பேசி தேவை என்கிறார்கள்.' மாணவர் கொஞ்சம் யோசித்தார். "பாதி சரி. ஆனால் என் முக்கியமான காரணம் அது இல்லை" என்று மறுபடியும் மறுத்தார். என்னதான் உன் காரணம் என்று அந்த மாணவி சலித்துக்கொண்டு கேட்டார். கேட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதுவரை அவர் அதைக் கேட்டிருக்கவில்லை. பிறகு எழுதியது இது: 'செல்பேசியைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்தும் பழக்கம், அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வரும். பள்ளியில் பிடுங்கி வைத்தால், பள்ளி முடிந்ததும் கட்டுப்பாடே இல்லாத ஒரு மாலைப்பொழுதைத்தான் கொடுக்கிறோம். ஆசிரியர் பார்வையில் பழகுவது பாதுகாப்பானது.' இதற்குக் கையெழுத்து உடனே விழுந்தது.

அதன்பின் நடந்ததுதான் முக்கியம். அந்த மாணவியால் இப்போது தன் பழைய மறுப்பை எழுத முடியவில்லை. கவனச் சிதறல் என்று அவர் சேர்த்து வைத்திருந்த மூன்று பத்திகளும் இந்த வாதத்தைத் தொடவே இல்லை. நீண்ட நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, தன் நிலைப்பாட்டையே கொஞ்சம் நகர்த்தினார். கட்டுப்பாட்டைப் பழக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அதைப் பழக்கும் வேலை, கணக்கும் அறிவியலும் நடக்கும் அதே மணியில் எல்லா ஆசிரியர் தலையிலும் விழ வேண்டுமா என்று கேட்டார். பாடவேளைகளில் முழுத் தடை, அதற்கென ஒதுக்கிய வகுப்பில் மட்டும் அனுமதி என்று முடித்தார். முதல் நகலைவிட இது சத்தம் குறைந்த கட்டுரை. அசைப்பது கடினமான கட்டுரையும் இதுதான்.

டியானா குன், அமாண்டா க்ரோவெல் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையில் எனக்குப் பிடித்தமானது. அமெரிக்காவில் நடுநிலைப் பள்ளி மாணவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு குழு, ஜோடி ஜோடியாகச் சேர்ந்து எதிர்த்தரப்பு ஜோடிகளோடு கணினியில் எழுத்து வழியாக விவாதித்தது. இன்னொரு குழு, ஆசிரியர் நடத்தும் வழக்கமான வகுப்பு விவாதத்தில் கலந்துகொண்டது. கடைசியில் தனித்தனியாகக் கட்டுரை எழுதச் சொன்னபோது, இரு பக்கத்தையும் எடுத்துப் பேசியதில் முதல் குழுவே முன்னால் நின்றது. ஆசிரியர் நடத்தும் விவாதத்தில் மாணவர்கள் ஆசிரியரிடம்தான் பேசுகிறார்கள். முகத்துக்கு நேரே 'அப்படியானால் இதற்கு என்ன சொல்கிறாய்?' என்று கேட்க அங்கே ஆள் இல்லை. காரணத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அடுத்த சிக்கல், காரணத்துக்கும் முடிவுக்கும் இடையில் ஒளிந்திருக்கும் பாலம். தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் 1958இல் எழுதிய நூலில் ஒரு வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டினார். முடிவு ஒன்று, அதற்கான தரவு ஒன்று, தரவிலிருந்து முடிவுக்குப் போக அனுமதிக்கும் பொது விதி ஒன்று; இவற்றோடு அந்த விதிக்கான ஆதாரம், 'பெரும்பாலும்', 'அநேகமாக' போன்ற அளவுச்சொல், விதிவிலக்கு. ஆறையும் கரும்பலகையில் எழுதிப் படம் போட்டால் மாணவர்கள் படத்தை மனப்பாடம் செய்துகொள்வார்கள், கட்டுரை அப்படியே இருக்கும். அந்தப் பொது விதி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாலே போதும் என்பது என் எண்ணம்.

வாக்களிக்கும் வயதை 16 ஆக்கலாமா என்ற தலைப்பு இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. பிரேசிலின் 1988 அரசியலமைப்பு 16, 17 வயதினருக்கு விருப்பத்தின்பேரில் வாக்களிக்கும் உரிமை கொடுத்தது. ஆஸ்திரியா 2007இல் தேசியத் தேர்தல்களுக்கே 16 வயது என்று மாற்றியது. ஆகவே வெறும் கற்பனையாகப் பேச வேண்டியதில்லை. மாணவர்கள் தவறாமல் எழுதும் வாதம்: '16 வயதில் பலர் வேலைக்குப் போய் வரி கட்டுகிறார்கள். ஆகவே அவர்களுக்கு வாக்குரிமை வேண்டும்.' கேட்க நியாயமாக இருக்கிறது. இடையில் இருக்கும் விதியை எழுதச் சொன்னால், 'வரி கட்டுகிறவர்களுக்கு வாக்குரிமை இருக்க வேண்டும்' என்று எழுதுவார்கள். கடைக்குப் போய்ப் பேனா வாங்கும் ஆறு வயதுக் குழந்தையும் விற்பனை வரி கட்டுகிறதே என்று கேட்டால் வகுப்பு சிரிக்கும். வருமானமே இல்லாத முதியவருக்கு வாக்கு இல்லையா என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். பின் வரிசையிலிருந்து யாராவது, "வரியை விட்டுவிடலாம் டீச்சர், சட்டம் தங்களைப் பாதிக்கிறது என்பதுதான் காரணம்" என்பார்கள். அதையும் அதே உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டும். சட்டம் ஆறு வயதினரையும் பாதிக்கிறது. இப்படிப் போய்ப் போய், முடிவெடுக்கும் முதிர்ச்சி என்றால் என்ன, அதை வயதால் அளக்கலாமா என்ற உண்மையான கேள்விக்கு அவர்களே வந்து சேர்கிறார்கள். அங்கிருந்துதான் கட்டுரை தொடங்க வேண்டும்.

சான்றுகள் விஷயத்துக்கு வருகிறேன். புள்ளிவிவரம் சேர்த்தால் வாதம் வலுவாகும் என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். மாணவர்களும் தேடி எடுத்து வருகிறார்கள். மரண தண்டனையில் ஒரு தரப்பு 'கொலைகள் குறைகின்றன' என்று ஓர் ஆய்வைக் கொண்டுவரும், மறுதரப்பு 'குறையவில்லை' என்று இன்னொன்றை. இந்த இடத்தில் நான் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2012இல் வெளியிட்ட அறிக்கையைப் பற்றிச் சொல்வேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலான ஆய்வுகளை அலசிப் பார்த்த அந்தக் குழு, மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, எதையும் மாற்றவில்லையா என்பதை இந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது என்றும், கொள்கை முடிவுகளுக்கு இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்றும் கூறியது. இரு தரப்பும் வாடிப்போகும். "அப்படியென்றால் எதைத்தான் எழுதுவது?" என்ற முணுமுணுப்பு எழும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அதுதான். கையில் இருந்த கம்பு போய்விட்டதால் இப்போது அவர்கள் நடந்தாக வேண்டும். தண்டனை எதற்காக? அச்சுறுத்தவா, ஈடு செய்யவா, திருத்தவா? தவறான தீர்ப்பைத் திரும்பப் பெற முடியாது என்பதற்கு எவ்வளவு எடை? இறந்தவரின் குடும்பத்துக்கு அரசு என்ன கடன்பட்டிருக்கிறது? எண்களைத் தூக்கிப் போட்டபின்தான் இந்தக் கேள்விகள் மேலே வருகின்றன.

எண்களைக் கொடுத்தால் மனம் மாறும் என்ற நம்பிக்கையும் அவ்வளவு உறுதியானதல்ல. ஸ்டான்ஃபோர்டில் 1979இல் சார்ல்ஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் மூவரும் நடத்திய புகழ்பெற்ற ஆய்வின் பொருளும் மரண தண்டனைதான். ஆதரிப்பவர்கள் பாதி, எதிர்ப்பவர்கள் பாதியாக 48 மாணவர்களுக்கு ஒரே மாதிரி இரண்டு ஆய்வுச் சுருக்கங்கள் கொடுக்கப்பட்டன. ஒன்று ஆதரவு, மற்றது எதிர்ப்பு. ஒவ்வொருவரும் தனக்குச் சாதகமானதைச் சிறந்த ஆய்வு என்றும், பாதகமானதில் ஓட்டைகள் என்றும் மதிப்பிட்டார்கள். படித்து முடித்தபின் தங்கள் பழைய கருத்து மேலும் உறுதிப்பட்டதாகவே சொன்னார்கள். இதை மாணவர்களிடம் சொன்னால், "மற்றவர்கள் அப்படித்தான்" என்று தலையாட்டுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆசிரியர்கள் அறையிலும் இதே தலையாட்டலைப் பார்த்திருக்கிறேன்.

தமிழில் எழுதும் மாணவர்களுக்கு எண்களைவிட எளிதாகக் கிடைக்கும் சான்று திருக்குறள். கட்டுரையில் ஒரு குறள் இருந்தால் மதிப்பெண் உண்டு என்ற எண்ணம் எப்படியோ ஊறிப்போயிருக்கிறது. மரண தண்டனை விஷயத்தில் இது அருமையான விபத்தில் முடிகிறது. ஆதரவாளர் 550ஆம் குறளோடு வருவார்: 'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்.' எதிர்ப்பாளர் 314ஆம் குறளோடு வருவார்: 'இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்.' இருவரும் வள்ளுவரைத் தம் சாட்சி என்று நினைத்து நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் போட்டுவிட்டு நான் பேசாமல் நின்றால், வகுப்பே வேலையைப் பார்த்துக்கொள்ளும். 550 செங்கோன்மை அதிகாரத்தில், அரசனைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. 314 இன்னா செய்யாமை அதிகாரத்தில், துறவறவியலில் வருகிறது. அரசு செய்யத்தக்கதும் தனிமனிதர் செய்யத்தக்கதும் ஒன்றா என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. அரசனுக்குச் சொன்னது வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கும் பொருந்துமா என்று இன்னொருவர் கேட்பார். குறள் அதுவரை கட்டுரையின் நெற்றியில் பொட்டாக இருந்தது. இப்போது விசாரிக்கப்படும் சாட்சியாகிவிடுகிறது.

எதை விவாதத்துக்குக் கொடுக்கலாம், எதைக் கூடாது? இதில் பலர் 'எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு' என்று தாராளமாக இருந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறதா என்பது விவாதத் தலைப்பு அல்ல. அந்தப் பயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. அதன்பின் நடந்த பெரிய ஆய்வுகள் எதுவும் அப்படியொரு தொடர்பைக் காணவில்லை. அதை இரு தரப்பாகப் பிரித்து எழுதச் சொன்னால் பாதி வகுப்பைப் பொய்க்குப் பயிற்றுவிக்கிறோம். ஆனால் தடுப்பூசியைப் பள்ளிச் சேர்க்கைக்குக் கட்டாயமாக்கலாமா என்பது நல்ல தலைப்பு. அங்கே மோதுவது இரண்டு மதிப்புகள்: உடல் மீதான உரிமை, பக்கத்து இருக்கைக் குழந்தையின் பாதுகாப்பு. பருவநிலை மாற்றத்துக்கு மனிதர்கள் காரணமா என்பது முடிந்த கேள்வி. அதைச் சமாளிக்க அணுமின் நிலையங்கள் வேண்டுமா என்பது திறந்திருக்கும் கேள்வி. தலைப்பு கொடுக்கும் முன் இந்த ஒரு சல்லடையில் போட்டுப் பார்த்தால் பாதித் தலைவலி போய்விடும்.

இன்னொரு சல்லடையும் உண்டு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் பிறப்போ உடலோ குடும்பமோ தலைப்பாகிவிடக் கூடாது. தான் இந்த வகுப்பறையில் இருக்கத் தகுதியானவர் என்று எந்த மாணவரும் மதிப்பெண்ணுக்காக நிரூபிக்க வேண்டிய நிலை வரக் கூடாது. மற்ற முப்பது பேருக்கு அது சுவையான விவாதமாக இருக்கலாம். அந்த ஒருவருக்கு அது விவாதமே இல்லை.

ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லலாமா என்பது ஆசிரியர்களுக்குள்ளேயே பெரிய சண்டை. ஜெர்மனியில் 1976இல் பாய்ட்டல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிய அரசியல் கல்வியாளர்கள் சில நெறிகளில் ஒத்துப்போனார்கள். இன்றும் அங்கே அவை மேற்கோள் காட்டப்படுகின்றன. மாணவரைத் தன் கருத்தால் அமுக்கிவிடக் கூடாது. அறிவுலகிலும் அரசியலிலும் சர்ச்சைக்குரியது வகுப்பிலும் சர்ச்சைக்குரியதாகவே தோன்ற வேண்டும். மாணவர் தன் நலன் எங்கே இருக்கிறது என்று தானே ஆராயும் நிலைக்கு வர வேண்டும். இதில் முதலாவதைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன். 'எனக்குக் கருத்தே இல்லை' என்று நடிப்பது வீண். அதைப் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். கருத்து இருக்கிறது, கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்தபின் கேளுங்கள், சொல்கிறேன் என்பேன். மதிப்பெண் கையில் வந்தபிறகு கேட்பவர்கள் வெகு சிலரே. கேட்பவர்கள் உண்மையாகவே கேட்கிறார்கள்.

மதிப்பெண் போடுவதில்தான் நம் நேர்மை சோதிக்கப்படுகிறது. எனக்குப் பிடிக்காத முடிவுக்கு வரும் கட்டுரையில் என் கண் தானாகவே ஓட்டை தேடும். பிடித்த முடிவில் ஓட்டைக்கு மேல் ஓடிவிடும். அந்த 1979ஆம் ஆண்டு ஆய்வு எனக்கும் சேர்த்துத்தான். ஆகவே பெயர் தெரியாதபடி தாளின் மேல்பகுதியை மடித்து வைக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு தாளிலும் எதிர்வாதப் பத்தியை முதலில் படித்து அதற்கு மட்டும் மதிப்பெண் போட்டுவிட்டு, பிறகு முதல் பத்திக்குப் போகிறேன். எல்லாம் முடிந்தபின் தரப்பு வாரியாக இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்துப் பார்க்கிறேன். ஒரு அடுக்கில் மட்டும் மதிப்பெண் தூக்கலாக இருந்தால், காரணம் கட்டுரைகளிலா என் தலையிலா என்று பார்க்க மறுபடியும் உட்கார வேண்டியதுதான். அலுப்பான வேலை. வேறு வழி தெரியவில்லை.

உணர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. அரிஸ்டாட்டில் பேச்சாளரின் நம்பகத்தன்மை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம் என்று மூன்று வழிகளைச் சொன்னார் என்று எல்லாப் பயிற்சி ஏடுகளிலும் இருக்கும். மாணவர்கள் இரண்டாவதை அடைமொழிகளால் நிரப்புகிறார்கள். 'கொடூரமான', 'கண்ணீர் வரவழைக்கும்', 'நெஞ்சைப் பிளக்கும்'. அதோடு மேடைப்பேச்சின் கேள்வி வரிசை: இது நியாயமா, இது தர்மமா, இதற்குத்தானா பாடுபட்டோம்? மேடையில் குரல் இருக்கிறது, எடுபடும். தாளில் மூன்றாவது கேள்விக்குள் படிப்பவர் 'ஆமாம், நியாயம்தான்' என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அடைமொழிகள் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, நடந்தது ஒன்றை இரண்டு வாக்கியத்தில் எழுதச் சொன்னால் போதும்.

இப்போது எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இரு பக்கமும் சமமாக நிறுத்து, வழுக்கிக்கொண்டு போகும் ஒரு கட்டுரையை எழுதிக் கொடுத்துவிடுகின்றன. இதற்காக நிறையப் பேர் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் எழுதி வரச் சொல்லும் கட்டுரையின் மதிப்பு போய்விட்டது என்பது உண்மைதான். ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் சக மாணவரிடம் கையெழுத்து வாங்கும் வேலையை வகுப்பில், வாய் திறந்து, இரண்டு முறை மறுக்கப்பட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. நான் கவலைப்படுவதை நிறுத்திவிட்டேன்.

என்னிடம் இன்னும் முழுமையான விடை இல்லாத ஒரு கேள்வி உண்டு. எதிர்த்தரப்பை எழுத மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று ஒரு மாணவர் சொன்னால் என்ன செய்வது? சோம்பலால் சொல்பவர்களை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். உண்மையாகவே சொல்பவர்கள் உண்டு. விலங்குகள் மீது மருந்துச் சோதனை நடத்துவதை எதிர்த்த ஒரு மாணவி, அதை ஆதரித்து ஒரு வரிகூட எழுத மாட்டேன், எழுதினால் நான் அதற்கு உடந்தையானதாகிவிடும் என்றார். வாதத்தை எடுத்துரைப்பதும் ஏற்பதும் வேறு வேறு என்று விளக்கலாம். வயதானவர்களுக்கே அது சரியாகப் பிடிபடுவதில்லை. வற்புறுத்தினால், மேலே சொன்ன அமுக்குதலை நானே செய்தவளாவேன். விட்டுவிட்டால், உறுதியான கருத்து இருப்பவருக்கு எதிர்த்தரப்பைக் கேட்பதிலிருந்து விலக்கு உண்டு என்று மற்றவர்களுக்குச் சொன்னதாகும்.

இப்போதைக்கு நான் செய்வது இது. நீ மதிக்கும் ஒருவர், உன் கருத்துக்கு மாறான கருத்து உடையவர் யாராவது உண்டா என்று கேட்கிறேன். அநேகமாக எல்லோருக்கும் ஒருவர் இருக்கிறார். அந்த மாணவிக்கு மருந்து ஆய்வகத்தில் வேலை செய்யும் சித்தி இருந்தார். சித்திக்கு ஒரு கடிதம் எழுது, ஏன் இந்த வேலையைச் செய்கிறாய் என்று மட்டும் கேள், பதிலை வாங்கி அவர் சொன்ன வார்த்தைகளிலேயே உன் கட்டுரையில் சேர், நீ எதுவும் கூட்ட வேண்டாம் என்றேன். ஒப்புக்கொண்டார். பதில் இரண்டு பக்கத்துக்கு வந்தது. மாணவி தன் முடிவை மாற்றவில்லை; விலங்குச் சோதனை நிறுத்தப்பட வேண்டும் என்றே எழுதினார். ஆனால் எந்த மாற்று முறை தயாரான பிறகு, எந்த வகை மருந்துகளில் முதலில் என்று பிரித்து எழுதியிருந்தார். எதிர்வாதப் பத்தியின் ஓரத்தில் கையெழுத்துப் போட வகுப்பில் யாரையும் தேடவில்லை. தாளைச் சித்திக்கே அனுப்பி வாங்கியிருந்தார்.